அவருக்கு வந்து போன இரண்டு நாள் காய்ச்சல்

கேள்வி: நான் நான்கு மாதக் கர்ப்பிணி. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்துவிட்டோம். இரவில் கொசுவலைக்குள்தான் தூங்குகிறேன். பகலில் கொசு விரட்டும் கிரீம் தடவலாமா, குழந்தைக்கு ஆகாதா? என் கணவர் ஜிகா பரவியிருந்த ஊரில் வேலை முடித்து மூன்று வாரம் முன்பு திரும்பினார். கிளம்பும்போது இரண்டு நாள் லேசான காய்ச்சல், உடம்பில் தடிப்பு. தானாகச் சரியானதால் டாக்டரிடம் சொல்லவில்லை.

பதில்: கிரீமை அப்புறம் பார்ப்போம். கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் காய்ச்சலைப் பேச வேண்டும்.

ஜிகா கொசுவால் மட்டும் பரவுவதில்லை, உடலுறவாலும் பரவும். காய்ச்சல் போன பிறகும் அந்த வைரஸ் ஆணின் விந்தில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தங்கும். வலைக்குள் இருவரும் சேர்ந்து படுத்தால் வலை என்ன செய்யும்? வயிற்றுப் பிள்ளைக்குத் தொற்றினால் மூளை வளர்ச்சி பாதிக்கும், தலை சிறுத்துப் போகலாம். முதல் மூன்று மாதத்தில் ஆபத்து அதிகம். அதற்காக நான்காம் மாதம் தப்பித்தது என்று கணக்குப் போடாதீர்கள்.

இன்றிலிருந்து பிரசவம் வரை ஒவ்வொரு முறையும் ஆணுறை. இல்லையென்றால் உறவே வேண்டாம். மூன்று மாதம் போதும் என்று யாராவது சொன்னால், அது மனைவி கர்ப்பமாக இல்லாதவர்களுக்கான கணக்கு. அவருடைய இரத்தத்தில் வைரஸ் இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் ஆணுறையை விடக்கூடாது.

நாளைக்கே டாக்டரிடம் போங்கள், இருவருமாக. காய்ச்சல் வந்த தேதி, ஊர் திரும்பிய தேதி, ஆணுறை இல்லாமல் சேர்ந்த தேதிகள், எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதை அவரே வாய் திறந்து சொல்லட்டும். காய்ச்சல் வந்தது அவர் தப்பில்லை. மனைவி நான்கு மாதம் என்று தெரிந்தும் அதை டாக்டரிடம் சொல்லாமல் விட்டது தப்புதான், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தகப்பனாகப் போகிறவர் செக்கப் அன்று வாசலில் உட்கார்ந்திருந்தால் போதாது.

உங்கள் இரத்தம், சிறுநீர் இரண்டிலும் பிசிஆர், அதாவது வைரஸ் இருக்கிறதா என்று தேடும் சோதனை, செய்வார்கள். எனக்குக் காய்ச்சலே இல்லையே என்காதீர்கள். தொற்றியவர்களில் ஐந்தில் நால்வருக்கு அறிகுறியே தெரியாது. வைரஸ் இரத்தத்திலிருந்து சீக்கிரம் மறைந்துவிடும், அதனால் 'நெகட்டிவ்' என்றாலும் முழு நிம்மதி கிடையாது. குழந்தையின் தலைச் சுற்றளவைத் தொடர் ஸ்கேனில் பார்க்க வேண்டியிருக்கலாம். ஒரு ஸ்கேன் நார்மல் என்றதும் அடுத்ததைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி கிரீம். 20 முதல் 30 சதவீதம் டீட் என்ற கொசு விரட்டும் மருந்து உள்ளதை அட்டையில் சொன்னபடி கர்ப்பிணிகள் தயங்காமல் தடவலாம். துணிக்கு வெளியே தெரியும் தோலில் மட்டும். கணுக்காலை மறக்க வேண்டாம். சன்ஸ்கிரீன் போடுவதானால் முதலில் அது, அதன்மேல் இது. ஜிகா, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, எனவே மதியத் தூக்கத்துக்கும் வலை வேண்டும். தண்ணீர்ப் பாத்திரங்களை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு, தண்ணீர் பட்டதும் பொரியும்.

உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். அதுவரை பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் தெரிந்தால், நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.