எலும்பு டாக்டரிடம் கேளுங்கள்: பையா, பந்தா?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு மாதமாக இடுப்பு வலி என்கிறான். புத்தகப் பை கனம்தான் காரணம் என்று புதுப் பை வாங்கினோம். இப்போது அவன் அப்பாவே வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். மாமியார் தினமும் தைலம் தேய்க்கிறார். பெல்ட்டும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. சனி, ஞாயிறு மஞ்சக்குப்பம் மைதானத்தில் பவுலிங் போடுவான். திங்கட்கிழமை வலி அதிகம். ஸ்கேன் எடுக்கலாமா?
— ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அம்மா, பை, பெல்ட், தைலம் எல்லாம் எழுதிவிட்டுப் போகிற போக்கில் பவுலிங்கைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு பள்ளிப் பைக் கொள்கை. 45 கிலோ பையனுக்கு நாலரை கிலோ. நல்ல விதிதான், கடைப்பிடியுங்கள். ஆனால் பை கனத்தால்தான் முதுகு வலி வருகிறது என்று ஆய்வுகள் உறுதியாக நிரூபிக்கவில்லை. இந்த வயதில் வரும் வலிக்குப் பெரும்பாலும் குறிப்பிட்ட காரணம் எதுவும் அகப்படாது, சில வாரத்தில் தானே போய்விடும். போகாமல் நிற்பதுதான் யோசிக்க வைக்கிறது, அதுவும் பந்து வீசிய மறுநாள் கூடுகிறது என்றால்.

உங்கள் மகன் வேகப்பந்து போடுகிறவனா? பந்தை விடும் நொடியில் இடுப்பு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. முதுகெலும்பின் பின்பக்கம் மெல்லிய எலும்புப் பாலம் ஒன்று உண்டு. இன்னும் முற்றாத வயதில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்தால் அதில் மயிரிழை போல விரிசல் விடும். ஸ்பாண்டிலோலைசிஸ் என்போம். வலது கைப் பந்துவீச்சாளருக்கு அநேகமாக இடது பக்கம் வரும். அவனை நிற்கவைத்து மெதுவாகப் பின்னால் சாயச் சொல்லிப் பாருங்கள். முன்னால் குனிவதைவிடப் பின்னால் சாயும்போது வலி கூடினால் சந்தேகம் வலுக்கும். அதை வைத்து நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம், எலும்பு மருத்துவர் ஒருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகலாம். எம்.ஆர்.ஐ. தேவையா என்று அவர் சொல்வார்.

விரிசல்தான் என்றால் பவுலிங்கை முழுசாக நிறுத்த வேண்டும், சாதாரணமாக மூன்று மாதமாவது. அவன் முகத்தைத் தூக்கிக்கொள்வான், பரவாயில்லை. அதற்காகப் படுக்கையில் போட்டுவிடாதீர்கள், வலிக்காத அளவுக்கு நடக்கட்டும். அப்புறம் பிசியோதெரபி, அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பந்து. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் எந்த வயதுக்கு எத்தனை ஓவர் என்று வரையறுத்து வைத்திருக்கிறது. நம் ஊரில் காலையில் ஒரு டீம், சாயந்திரம் தெருப் பசங்க டீம். யார் கணக்கு வைக்கிறார்கள்?

இன்னொன்று. கால் முன்னே வந்து பிறந்தவரை விட்டு இடுப்பில் உதைக்கச் சொல்கிற வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. மாமியார் அந்த யோசனை சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். தைலத்தால் கெடுதல் இல்லை.

காய்ச்சல், எடை குறைதல், தூக்கத்தை எழுப்பும் வலி, கால் மரத்துப் போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் மாற்றம்: இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முதுகெலும்பில் வரும் காசநோய் நம் நாட்டில் அபூர்வமல்ல.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. ஒரு தோள் உயர்ந்திருக்கிறது என்று சட்டை தைக்கிற டெய்லர் சொன்னார். வலி எதுவும் இல்லை. விட்டுவிடலாமா?
— ஒரு தந்தை, லாஸ்பேட்டை

பதில்: விடாதீர்கள். அந்த டெய்லருக்கு நன்றி சொல்லுங்கள். ஒரு தோள் உயர்ந்திருப்பது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதால் இருக்கலாம். அந்த வளைவு இந்த வயதில் அநேகமாக வலிக்காது. மகள் கால்களைச் சேர்த்து நின்று, கைகளைத் தொங்கவிட்டுக் குனியட்டும். பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்க விலா மட்டும் மேடாகத் தெரிந்தால் ஜிப்மரில் காட்டுங்கள். வளைவு கூடாமல் தடுக்கும் பட்டை வளரும் பருவத்தில்தான் பயன்படும், அதனால் முழுப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், வளைவு கூடியிருக்கிறதா என்று ஒப்பிட உதவும்.