பிக்கப்புக்கு மாற்று எஞ்சின்

கேள்வி: என் பிக்கப்புக்கு வேறு எஞ்சின் வாங்கிவிட்டேன். வீட்டிலேயே மாற்றப் போகிறேன். கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக். எதில் கவனம் வேண்டும்?

பதில்: தூக்குவதைச் செயின் பிளாக் பார்த்துக்கொள்ளும். தொல்லையெல்லாம் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில்தான். முதலில் டார்க் கன்வெர்ட்டரை, அதாவது எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகத்தை, சுற்றிக்கொண்டே கியர்பாக்ஸுக்குள் தள்ளுங்கள். படிப்படியாக ‘டொக்’கென்று இறங்கும். முழுதாக இறங்காமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால் உள்ளே ஆயில் பம்ப் உடையும். எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டின் முகமும் போல்ட்டை முறுக்காமலே ஒட்ட வேண்டும். ஒட்டியபின் கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும். சுழலாவிட்டால் சோம்பல்படாமல் மறுபடி பிரியுங்கள்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே பின்பக்க கிராங்க் ஆயில் சீலை (கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றிவிடுங்கள். பிறகென்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டிவரும். ஒயர்களுக்குச் சீட்டு ஒட்டுங்கள். அப்புறம், தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கைகூடப் போகக்கூடாது. என் பட்டறையில் அப்படி விட்டவனுக்கு அன்று வேலை கிடையாது.