கம்பி கட்டின பட்டர்புரூட் மரம் மேல வீங்குது, கீழ ஒல்லியா இருக்கு

தம்பி, லயத்து முன்னுக்கு நிக்கிற பட்டர்புரூட் கன்னுல உடுப்பு காயப்போட 3 வருசத்துக்கு முந்தி கம்பி கட்டினதா எழுதியிருக்கீங்க, இப்ப கம்பிக்கு மேல வீக்கம் கீழ ஒல்லி, இது நோய் இல்ல, மருந்து ஒண்ணும் வாங்காதீங்க. மரம் பெருக்கிறது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல உள்ள மெல்லிய படலத்தால, கேம்பியம்னு சொல்லுவாங்க, பச்சைக் கொப்புல பட்டைய உரிச்சா வெரல்ல ஈரமா வழுக்குமே அந்த இடம். அது உள்ளுக்கு கட்டையையும் வெளிய உள்பட்டையையும் போட்டுக்கிட்டே போகும். இலை செய்ற சீனி அந்த உள்பட்டை வழியாத்தான் வேருக்கு எறங்கும், கம்பி அத மறிச்சிருச்சு, அதான் மேல தேங்கி வீங்குது. தண்ணி கட்டை வழியா ஏறுறதால இலை இன்னும் பச்சையா இருக்கு, அத நம்பி இருந்துறாதீங்க, கீழ வேர் பட்டினி.

கொரட்டால கம்பிய ரெண்டு மூணு எடத்துல நறுக்கி வெளிய தெரியிறத மட்டும் எடுங்க, புதைஞ்சத இழுத்தா பட்டையும் சேர்ந்து வந்துரும் (எங்க கொய்யாவ நான் அப்பிடித்தான் கெடுத்தேன்). மரம் இவ்வளவு வளந்தும் கம்பி ஏன் மேல ஏறலனு கேட்டீங்களே, மரம் நுனியிலதான் நீளும், அடிமரம் பெருக்க மட்டும்தான் செய்யும்.