பிளம்பர்ல இருக்கற அந்த 'பி'

கேள்வி: வீட்டு வேலைக்கு வந்தவர் தன்னை 'பிளம்பர்'னு சொன்னார். 'பி சைலன்ட், ப்ளமர்னு சொல்லணும்'னு நான் திருத்தினேன். மனுஷனுக்கு கோபம் வந்து பாத்ரூம் பைப்பை பாதியில விட்டுட்டு போயிட்டார். அந்த வார்த்தைக்கு உண்மையான அர்த்தம் என்ன, எது சரியான உச்சரிப்பு? சொல்லாத எழுத்தை எதுக்கு வச்சிருக்காங்க?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முதல்ல உங்க கேள்வியிலயே ஒண்ணு கவனிங்க. 'பாத்ரூம் பைப்'னு எழுதியிருக்கீங்க. திருகி தண்ணி பிடிக்கற சாமானுக்கு இங்கிலீஷ்காரங்க பைப்னு சொல்ல மாட்டாங்க, டேப்னு சொல்வாங்க, அமெரிக்காவுல ஃபாசெட். பைப்ங்கறது செவுத்துக்குள்ள ஓடறது. ஆனா 'பைப்ப மூடு'ன்னா நம்ம ஊர்ல சின்னக் குழந்தைக்கும் புரியும், ஏன்னா குழாய்ங்கற ஒரே வார்த்தையை ரெண்டுக்கும் சொல்லி பழகினவங்க நாம, பைப்பையும் அதே மாதிரி வச்சுக்கிட்டோம். அதுல தப்பே இல்ல. அப்ப அவர் பிளம்பர்னு சொன்னதுல மட்டும் என்ன தப்பு கண்டீங்க? ஈயத்தைப் பார்த்து இளிச்சுதாம் பித்தளைன்னு ஒரு பழமொழி இருக்கு. சொல்றேன்னு கோச்சுக்காதீங்க, இந்த வார்த்தையோட கதையே ஈயத்தோட கதைதான், பித்தளையும் கடைசியில வருது.

லத்தீன்ல காரீயத்துக்கு பேர் ப்ளும்பும். கெமிஸ்ட்ரி புத்தகத்துல லெட்டுக்கு எல் போடாம 'பிபி'ன்னு குறி போட்டிருக்கே, அது இதுலேருந்து வந்ததுதான். ரோமானியங்க காரீயத் தகட்டை வளைச்சு குழாய் பண்ணி ஊருக்கு தண்ணி கொண்டு வந்தாங்க, இத்தாலியில இருக்கற பழைய ரோமானிய ஊரான பொம்பெய்ல இன்னிக்கும் அந்த குழாய் கிடக்கு. காரீய வேலை செய்யறவன் ப்ளும்பாரியுஸ். அந்த வார்த்தை பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வரும்போது நடுவுல பி சத்தம் தேஞ்சு போச்சு, அப்புறம் படிச்சவங்க லத்தீன் மூலத்தை பாத்து எழுத்துல மட்டும் அதை திரும்ப சொருகிட்டாங்க, கடனுக்கு சொல்ற டெட், சந்தேகத்துக்கு சொல்ற டவுட் ரெண்டுலயும் பேசாத பி வந்தது இதே மாதிரிதான். செவுரு நேரா நிக்குதான்னு கொத்தனார் தொங்க விடறாரே தூக்குக்குண்டு, அதுக்கு இங்கிலீஷ்ல பிளம் லைன், குண்டு முன்னாடி காரீயத்துல இருந்ததால அந்த பேர்.

லண்டன்ல பிளம்பர்களோட சங்கத்துக்கு 1365லயே சட்டதிட்டம் இருந்துச்சு, 1611ல ராஜா பட்டயமும் கிடைச்சுது. அந்த காலத்து பிளம்பர்னா குழாய் வேலை மட்டும் இல்ல, சர்ச் கூரைக்கு காரீயத் தகடு வேயறவரும் அவர்தான். காரீயத்துல எந்த வேலை இருந்தாலும் அது பிளம்பர் வேலை.

உச்சரிப்புக்கு வர்றேன். இங்கிலீஷ்ல பேசறப்ப ப்ளமர்னு சொல்லுங்க, அதுதான் சரி. தமிழ்ல பேசறப்ப பிளம்பர்தான். கம்பு, பாம்பு மாதிரி ம்-க்கு அப்புறம் நம்ம வாயில அந்த சத்தம் தானா வந்து உக்காந்துக்கும், அது இப்ப நம்ம வார்த்தை. சொல்லப்போனா லத்தீன் பேசினவனும் அந்த பி-யை முழுசா சொன்னவன்தான், உங்க வீட்டுக்கு வந்தவர் அவனுக்கு கிட்டத்துல இருக்கார்.

நான் ஆறாவது படிக்கறப்ப எங்க தெருவுல காஸ்ட் அயர்ன் பைப் போட்டாங்க. ஒரு பைப்போட வாய்க்குள்ள அடுத்ததை சொருகி, நடுவுல இருக்கற சந்துல சணலை திணிச்சு அடிச்சு, வெளிய ஈரக் களிமண்ணால வளையம் கட்டுவார் அந்த மனுஷன். அடுப்புல இரும்பு கரண்டியில காரீயம் உருகி பாதரசம் மாதிரி பளபளன்னு ஆடும், மேல இருக்கற ஏட்டை ஒதுக்கிட்டு ஒரே மூச்சுல ஊத்துவார். உள்ள ஈரம் இருந்தா வெடிச்சு முகத்துல தெறிக்கும்னு எங்களை தள்ளி நிக்க சொல்வார். ஆறினதும் உளி வச்சு சுத்தி சுத்தி தட்டுவார், அப்புறம் ஒரு சொட்டு ஒழுகாது. அந்த மாதிரி ஆளுங்களுக்கு அந்த பேர் எவ்வளவு பொருத்தம்னு யோசிச்சு பாருங்க. அவங்களைப் போய் திருத்தறோம்.

ஆனா நான் உண்மையிலயே கவலைப்படறது பி-யை பத்தி இல்ல, காரீயத்தை பத்தி. விட்ரூவியுஸ்னு ஒரு ரோமானிய கட்டடக்கலைஞர், 2000 வருஷத்துக்கு முன்னாடியே காரீயக் குழாய் தண்ணியை விட மண் குழாய் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு எழுதிட்டார், காரீய வேலை செய்யறவங்க முகம் வெளிறிப் போயிருக்கறதை பாருங்கன்னு காரணமும் சொன்னார். யார் கேட்டாங்க? அமெரிக்காவுல புதுசா காரீயக் குழாய் போடறதுக்கு தடை வந்ததே 1986லதான். 2014 ஏப்ரல்ல மிச்சிகன்ல ஃபிளின்ட் நகரம் காசு மிச்சம் பிடிக்க ஆத்து தண்ணிக்கு மாறிச்சு, குழாய் அரிக்காம இருக்க போட வேண்டிய மருந்தை போடல, பழைய குழாயோட உள்பூச்சு கரைஞ்சு காரீயம் குழந்தைங்க குடிக்கற தண்ணியில கலந்துச்சு. குழந்தையோட மூளைக்கு இது கொஞ்சம் போனாலும் கெடுதல்தான், இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைங்கற அளவே கிடையாது.

நம்ம வீட்ல காரீயக் குழாய் இல்லையேன்னு விட்டுடாதீங்க. பிவிசி பைப் சூட்டுல கெடாம இருக்க காரீய உப்பு சேக்கற வழக்கம் இங்க ரொம்ப நாளா இருந்து, அதுக்கு மத்திய அரசு தனி விதி போட்டது 2021ல. பித்தளை டேப்லயும் கடைசல் சுலபமா வரணும்னு கொஞ்சம் காரீயம் கலப்பாங்க. ராத்திரி பூரா அசையாம நின்ன தண்ணியில இது ஊறும், காலையில முதல்ல வர்றதுல அதிகம். காய்ச்சினா போகவே போகாது, தண்ணி வத்தறதால செறிவு கூடத்தான் செய்யும். அதனால அந்த முதல் தண்ணியை பக்கெட்ல பிடிச்சு கழுவறதுக்கு வச்சுக்கோங்க, குடிக்க, சமைக்க அப்புறம் பிடிங்க.

அவருக்கு இன்னிக்கே போன் போட்டு, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லி கூப்பிடுங்க. வந்தா சமையல்கட்டுல குடிதண்ணி பிடிக்கற டேப்பையும் காட்டுங்க, பழசா இருந்தா சேத்து மாத்திடலாம்.