அப்பாவின் ஊர்களுக்கு ஒரு நாள் பயணம்: எத்தனை ஊர், எந்தச் சாலை?

கேள்வி: என் அப்பாவுக்கு 81 வயது. அவர் பிறந்த ஊர், படித்த ஊர், முதல் வேலை பார்த்த ஊர், தாத்தா ஊர், பாட்டி ஊர் என்று ஐந்து சிற்றூர்கள். போய்த் திரும்ப மொத்தம் 180 கிலோமீட்டர். ஒரே நாளில் காரில் நிதானமாகச் சுற்றிக் காட்ட முடியுமா?

முடியும். ஆனால் ஐந்தில் இரண்டை இப்போதே அடித்துவிடுங்கள்.

ஊர் ஊராகப் புகுந்து போகும் சாலையில் சராசரியாக மணிக்கு 35 கி.மீ. போனாலே பெரிய விஷயம். அந்தக் கணக்கில் வண்டி ஓட்டவே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கி நிற்கவும், நடக்கவும், யாராவது அடையாளம் கண்டு பேசினால் பேசவும் நேரம் ஏது? நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். அத்தையைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் ஆறு ஊர் என்று கிளம்பினேன். நான்காவது ஊரில் அவர் கண்ணையே திறக்கவில்லை. நான் மட்டும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் படத்தில் இருப்பது எந்தத் தெரு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எதை வைத்துக்கொள்வது? பிறந்த ஊரைத்தான் எல்லோரும் முதலில் எழுதுவார்கள். மூன்று வயதில் விட்டு வந்த ஊர் என்றால் அங்கே அவர் சொல்ல அதிகம் இருக்காது. வயதானவர்களைப் பழையதைப் பேசச் சொன்னால், சுமார் 10 முதல் 30 வயது வரை நடந்தவைதான் அதிகம் வருகின்றன; நினைவாற்றல் ஆய்வுகளில் இது பலமுறை தெரிந்த விஷயம். ஆகவே படித்த ஊரும் வேலை பார்த்த ஊரும் கட்டாயம். மூன்றாவது எது என்று அப்பாவையே கேளுங்கள். அவருக்கு அதிகம் பிடித்த ஊர் காலையில் வரட்டும். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும், ஓட்டுகிற உங்களுக்கும் சேர்த்து. அந்த நேரம் எங்காவது தங்கி ஓய்வெடுப்பதற்கு.

அப்புறம் சாலை. நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். கைபேசி வரைபடம் சீக்கிரமான வழியைத்தான் காட்டும். அது பெரும்பாலும் உங்களைப் புறவழிச்சாலையில் கொண்டுபோய், ஊரின் பின்பக்கமாக உள்ளே விடும். அப்பா அந்தப் பக்கமிருந்து ஊரைப் பார்த்தே இருக்க மாட்டார். முந்தின நாள் அவரிடம் ஒன்று கேளுங்கள்: “விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது எந்த வழியாக வருவீர்கள்?” ரயிலடியிலிருந்து நடந்தாரா, பேருந்தில் வந்து இறங்கினாரா? அதே முனையிலிருந்து, அதே திசையில் ஊருக்குள் நுழையுங்கள். வரைபடச் செயலியில் நெடுஞ்சாலைகளைத் தவிர்க்கும் வசதி உண்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். “இப்போது இடதுபக்கம் ஒரு நீளச் சுவர் வரும் பார்” என்று அவர் சொல்ல, அந்தச் சுவர் வந்துவிட்டால் போதும். அன்றைக்கு நீங்கள் வேறு எதுவும் கேட்கவே வேண்டாம். அதே தெருவில் எதிர்த்திசையிலிருந்து வந்தால் சொந்த வீட்டையே தாண்டிப் போய்விடுவார்கள்.

1975-இல் காடன், பேட்லி என்ற இரு உளவியலாளர்கள் ஆழ்நீர் நீச்சல்காரர்களுக்குச் சொற்பட்டியல் கொடுத்துச் சோதித்தார்கள். தண்ணீருக்கடியில் படித்தது தண்ணீருக்கடியிலேயே நன்றாக நினைவு வந்தது. 2021-இல் வேறொருவர் அதைத் திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோதனையில் எப்படியோ, பழைய இடம் பழைய நினைவைக் கொண்டுவருவதைக் காரின் முன்சீட்டில் நான் பார்த்திருக்கிறேன்.

ஆம், முன்சீட்டுதான். பின்னால் உட்கார்ந்தால் குமட்டலும் அதிகம், தெருவும் சரியாகத் தெரியாது. வீடு ஓட்டுநர் பக்கம் வந்தால், தெருக்கோடியில் திருப்பி இன்னொரு முறை மெதுவாக வாருங்கள். பழைய படங்களை ஓடும் வண்டியில் காட்ட வேண்டாம், தலை சுற்றும்.

கிளம்பும் முன், வீடு இருக்கிறதா என்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிடுங்கள். கூகுள் எர்த்தில் முந்தைய ஆண்டுகளின் படங்களும் உண்டு. எந்த ஆண்டுவாக்கில் இடித்தார்கள் என்பதுகூடத் தெரியலாம். வீடு போய்விட்டது என்றால் முன்கூட்டியே, உங்கள் வீட்டிலேயே, உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் திகைத்து நிற்க வைக்க வேண்டாம்.

வீடு இருந்து, வேறு யாரோ குடியிருந்தால்? குடும்பமே வாசலில் போய் நிற்காதீர்கள். சொத்துத் தகராறோ என்று பயந்துவிடுவார்கள். ஒருவர் மட்டும், கையில் அந்த வீட்டின் பழைய படத்துடன் போங்கள். உள்ளே பார்க்கலாமா என்று கேட்காமல் படத்தை மட்டும் காட்டுங்கள். “இந்தத் தூண் இன்னும் இருக்கிறது, வாருங்கள்” என்று அவர்களே கூப்பிடுவதுண்டு. கூப்பிடாவிட்டால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

பதிவு செய்ய உங்கள் கைபேசியே போதும். ஒரு மணி நேர ஒலிப்பதிவு நல்ல தரத்திலும் 60 எம்பி அளவுக்குள் அடங்கும். பதிவாகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஏசியைக் குறைத்து, கைபேசியை அவர் பக்கமாக வையுங்கள். “அந்தக் காலம் எப்படி இருந்தது” என்று கேட்டால் “நன்றாக இருந்தது” என்றுதான் பதில் வரும். “ராத்திரி நீங்கள் எந்த அறையில் படுப்பீர்கள், பக்கத்தில் யார்?” என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கால் மணி நேரம் நிறுத்துங்கள். அவர் சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அன்றைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது மட்டும் தாராளமாக நெடுஞ்சாலையில் வாருங்கள், இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிடலாம். பதிவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தூங்கிவிட்டார் என்று நினைக்கும்போதுதான் சிலர் பேச ஆரம்பிப்பார்கள்.