ஒரே கம்பெனி, இரண்டு விலை

வணக்கம் மேடம்.

நாங்கள் திருப்பூர். அப்பா இரண்டு பவர் டேபிளை (மோட்டார் தையல் மிஷின்) போட்டு, மற்ற கம்பெனிகளின் துணியைக் கூலிக்கு எடுத்துத் தைக்க ஆரம்பித்தவர். நேரடி ஏற்றுமதி வரைக்கும் கம்பெனியைக் கொண்டுவந்தார். இப்போது இருநூறு பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். போன வருஷம் தை மாதம் மாரடைப்பில் போய்விட்டார். உயில் எழுதவில்லை. கம்பெனி பார்ட்னர்ஷிப்தான், அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேர் பெயரில் இருக்கிறது.

அண்ணன் பிளஸ் டூ முடித்ததுமே அப்பாவோடு வந்துவிட்டார். நிட்டிங், சாயம், கட்டிங், பேக்கிங் எல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் நடு. உள்ளூரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மெர்ச்சண்டைசிங்கும் (ஆர்டர் தேதிப்படி நடக்கிறதா என்று கவனிக்கும் வேலை) ஷிப்மெண்ட் டாக்குமெண்ட்டும் பார்க்கிறேன். தம்பி வெளிநாட்டில் எம்.பி.ஏ. முடித்து அங்கேயே வேலையில் இருந்தான். கொரோனாவுக்கு அப்புறம் அப்பா கூப்பிட்டார் என்று வந்தான். பையர்களிடம், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளிடம், பேசுவது அவன் பொறுப்பு. அப்பா இருந்தவரை எங்களுக்குள் ஒரு சத்தம் வந்ததில்லை. காரியம் முடிந்த மறுநாளே மூன்று பேரும் கம்பெனியில் இருந்தோம், ஷிப்மெண்ட் நெருக்கடி.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதே, அதில்தான் வெடித்தது. ஒரு பையர் விலையைக் குறைக்கச் சொன்னார். போனால் திரும்ப வரமாட்டார்கள் என்று தம்பி குறைத்து மெயில் அனுப்பிவிட்டான். அதே வாரம் அண்ணன் அவர்களுடைய ஏஜெண்டுக்குப் போன் போட்டு, பழைய விலையில் ஒரு பைசா குறையாது என்றிருக்கிறார். ஏஜெண்ட் என்னைக் கூப்பிட்டு, “மேடம், எந்த விலையை எடுத்துக்கறது?” என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

அன்றிலிருந்து இருவரும் நேரில் பேசுவதில்லை. “தம்பிகிட்டச் சொல்லிரு கண்ணு” என்பார் அண்ணன். “அண்ணன்கிட்டக் கேளுக்கா” என்பான் தம்பி. “யார் பேச்சைங்க நாங்க கேக்கறது?” என்று கட்டிங் மாஸ்டரே கேட்டுவிட்டார், அப்பா காலத்து ஆள். அப்பா ரூமை மீட்டிங் ரூம் ஆக்கலாம் என்று தம்பி சொன்னதும், அண்ணன் அதைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

இப்போது அண்ணன், “நீ ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டா பேங்க் வேலை சுலபமாகும், உன்னை நான் விட்டுருவனா?” என்கிறார். தம்பி கையெழுத்துப் போடாதே, என் பக்கம் நில் என்கிறான். அம்மா ஒற்றுமையாக இருங்கள் என்று அழுகிறார். அண்ணன் தினமும் குடிக்கிறார் என்று அண்ணி என்னிடம்தான் வந்து அழுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. நான் யார் பக்கம் நிற்பது? சேர்ந்தே நடத்துவதா, பிரித்துக்கொள்வதா?

- பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா இருந்தவரை ஒரு சத்தம் வந்ததில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதிக நேரம் யோசித்தது அந்த வரியைத்தான். மூன்று பேர் ஒரே தொழிலில் இருந்து, ஒரு சின்னத் தகராறுகூட வரவில்லை என்றால், உங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை என்று அர்த்தம். நூல் வாங்கட்டுமா என்று அண்ணன் அப்பாவிடம் கேட்டிருப்பார். விலையைத் தம்பி அப்பாவிடம் கேட்டிருப்பார். தேதி தள்ளிப்போவதை நீங்கள் அப்பாவிடம் சொல்லியிருப்பீர்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொன்னது அவர் ஒருவர். அவர் போனபோது முதலாளி மட்டும் போகவில்லை, நீங்கள் மூவரும் பேசிக்கொண்டிருந்த வழியும் போய்விட்டது. நாற்பது வயதுக்கு மேல் அண்ணன் தம்பியோடு தொழில் பேசப் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. கஷ்டம்தான், ஆனால் யாருடைய குணமும் இதில் கெட்டுப்போகவில்லை.

அப்பா இருந்த இடத்தில் இப்போது உங்களை நிறுத்தியிருக்கிறார்கள். அவருக்கு இருந்த அதிகாரம் மட்டும் உங்களுக்கு இல்லை. அம்மா, அண்ணி, ஏஜெண்ட், கட்டிங் மாஸ்டர் எல்லோருடைய பாரமும் உங்களிடம் வந்து நிற்கிறது. இரண்டு மணிக்கு முழிப்பு வராமல் என்ன செய்யும்?

அதனால் முதல் வேலை, தூது போவதை நிறுத்துவது. “அண்ணா, இதை நீங்களே தம்பிகிட்டச் சொல்லிருங்க, நான் கூட இருக்கறேன்” என்று அண்ணனிடம் சொல்லுங்கள். தம்பியிடமும் அப்படியே. கொஞ்ச நாள் இருவருக்கும் உங்கள் மேல் கோபம் வரும். ஏதாவது ஒரு வேலை தாமதமும் ஆகலாம். உடனே ஓடிப்போய் நடுவில் நிற்காதீர்கள். தேதி நெருக்கும் விஷயமாக இருந்தால், மூவர் மட்டும் உள்ள ஒரு வாட்ஸ்அப் குழுவில் எழுத்தில் போடுங்கள். எழுதினால் திரித்துச் சொல்ல முடியாது.

விலைச் சண்டைக்கு வருவோம். 2011இல் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊர் எப்படித் தவித்தது என்று உங்களுக்கே தெரியும். 2021-22இல் நூல் விலை ஏறியதையும் பார்த்தீர்கள். அத்தனையிலும் அண்ணன் அப்பா பக்கத்தில் இருந்தார். விலையைக் குறைப்பது அவருக்கு அப்பாவின் வார்த்தையைக் குறைப்பது மாதிரி. தம்பியின் நிலைமை வேறு. கூப்பிட்டவர் இல்லை, விட்டுவந்த வேலையும் இல்லை. ஒரு பையர் போய்விட்டால் தான் வந்ததே வீண் என்று ஊர் சொல்லும் என்ற பயம் அவருக்கு. இரண்டு பேரும் அப்பாவுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று கவனித்தேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் காஸ்டிங் ஷீட், அதாவது ஆர்டரின் செலவுக் கணக்கு, என்ற பேச்சே இல்லை. அந்த ஆர்டரில் துணிக்கு என்ன, சாயத்துக்கு என்ன, தையல் கூலி என்ன, எந்த விலைக்குக் கீழே போனால் கை நஷ்டம் என்பதை மூவரும் சேர்ந்து ஒரு தடவையாவது பார்த்தீர்களா? பார்த்திருந்தால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இனி ஒவ்வொரு ஆர்டருக்கும் அடிவிலையை மூவரும் உட்கார்ந்து வையுங்கள். அதற்கு மேல் பையரிடம் பேசுவது தம்பி மட்டும். ஆள், மிஷின், சனிக்கிழமை சம்பளம் அண்ணன் பொறுப்பு, அதில் தம்பி தலையிட வேண்டாம். தேதியில் உங்கள் சொல்தான் கடைசி. எவ்வளவு ரூபாய்க்கு மேல் செலவானால் மூவர் கையெழுத்தும் வேண்டும் என்று ஒரு தொகையையும் எழுதிவையுங்கள். உங்கள் மூவருக்கும் மாதச் சம்பளம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் உடனே போடுங்கள். வேலைக்குச் சம்பளம், பங்குக்கு லாபம் என்று பிரிக்காத வீட்டில் எல்லோருக்கும் தான்தான் ஏமாந்த ஆள் என்று தோன்றும்.

வாரம் ஒரு தடவை உட்காருங்கள், அம்மா வீட்டில் மட்டும் வேண்டாம். அங்கே போனால் சாப்பிடுங்கள், அப்பாவைப் பற்றிப் பேசுங்கள். அதை நீங்கள் மூவரும் இன்னும் செய்யவே இல்லையே. காரியம் முடிந்த மறுநாள் கம்பெனிக்குப் போனீர்கள், அழ நேரமில்லை. பூட்டிய ரூமை நான் பதவி ஆசையாகப் பார்க்கவில்லை. அண்ணன் சாவியைத் தானாகக் கொண்டுவரும்வரை அது அப்படியே இருக்கட்டும்.

விடுதலைப் பத்திரம் உங்கள் பங்கையே விட்டுக்கொடுக்கும் ஆவணம், அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் இந்துக்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். மகளுக்குக் கல்யாணமானதால் குறைவதில்லை. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அதே நேரம், பேங்க் வேலை சுலபமாகும் என்று அண்ணன் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தில், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், ஒரு பார்ட்னர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். அதனால் பழைய பார்ட்னர்ஷிப் பத்திரத்தை எடுத்து மூவரும் சேர்ந்து படியுங்கள். உங்கள் பங்கை விடுவதுதான் ஒரே வழியா என்பதைக் கம்பெனி ஆடிட்டரிடம் கேட்காமல், உங்களுக்கென்று ஒரு வக்கீலை வைத்துக் கேளுங்கள். அண்ணனிடம் மறைக்க வேண்டாம். “கேட்டுட்டுச் சொல்றேண்ணா” என்று சொல்லிவிட்டே போங்கள்.

பிரிவதைப் பற்றி: திருபாய் அம்பானி 2002இல் உயில் இல்லாமல் இறந்தார். பிள்ளைகள் இருவரும் மோதி, 2005இல் அம்மா கோகிலாபென் தலையிட்டுத் தொழில்களைப் பிரித்துவிட்டார்கள். வக்கீல் பட்டாளமே இருந்த வீட்டின் கதை இது. உங்கள் ஊரில் ஆளுக்கொரு யூனிட் என்று பிரிந்து, பண்டிகைக்குச் சேர்ந்து சாப்பிடும் அண்ணன் தம்பிகள் எத்தனை பேர்! பிரிவதில் தப்பில்லை. பேச்சுவார்த்தை இல்லாத நிலையில் பிரிவதுதான் ஆபத்து, மிஷினுக்கு விலை போடுவதில்கூட அடிதடி வரும். மேலே சொன்ன ஏற்பாட்டை ஒரு சீசன் நடத்திப் பாருங்கள். அதற்கு அப்புறமும் பிரியத்தான் வேண்டும் என்றால், கணக்கு முடித்த கையோடு பிரியுங்கள். அதுவரை யார் பக்கமும் நிற்காதீர்கள். உங்களுக்கும் சொந்தமாக ஒரு பங்கும் ஒரு கருத்தும் இருக்கிறது.

அண்ணன் குடிப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அப்பா இறந்த பிறகு கூடியிருக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் உடனே வர மாட்டார். அண்ணியை மட்டும் அழைத்துக்கொண்டு நீங்கள் போங்கள். குடிப்பவர் வராவிட்டாலும் வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் பேசுவது, எதைச் செய்யக் கூடாது என்று சொல்லித் தருவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முழித்துக் கிடக்கும்போது 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.