அந்த வரி வந்ததே ஒரு கடிதத்தில்தான்

கேள்வி: வயது 31. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாக பைக்கில் ஊர் ஊராகச் சுற்றுகிறேன். சேமிப்பு இருக்கிறது, கடன் இல்லை. ‘அலைபவர் எல்லாம் வழி தவறியவர் அல்லர்’ என்ற டோல்கீனின் வரியை ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. அம்மா அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் நாற்பதுக்கு மேல் கேட்காமல் கிடக்கிறது, எப்படியும் கல்யாணப் பேச்சுதான். என் வாழ்க்கையை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, நீங்கள் ஊர் சுற்றுவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. உங்கள் காசு, உங்கள் பெட்ரோல். ஆனால் அந்த நாற்பது மெசேஜை ஏதோ மழை பெய்ததைச் சொல்வது போலப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கேட்கவே இல்லை, ஆனால் கல்யாணப் பேச்சுதான் என்று மட்டும் தெரியும். எப்படித் தெரியும்?

சரி, உங்கள் ஹெல்மெட் வரிக்கே வருவோம். 1954-இல் வந்த டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் முதல் பாகத்தில் அந்தப் பாட்டு எங்கே வருகிறது என்று நினைவிருக்கிறதா? ஒரு கடிதத்தில். ஜூலை முடிவதற்குள் ஊரை விட்டுக் கிளம்பிவிடு என்று கதாநாயகன் ஃப்ரோடோவுக்கு மந்திரவாதி காண்டால்ஃப் எழுதி, ப்ரீ ஊர் சத்திரக்காரர் பட்டர்பரிடம் அனுப்பச் சொல்லிக் கொடுத்த கடிதம். அந்த மனிதர் மறந்துபோனார். ஃப்ரோடோ செப்டம்பர் 23-இல்தான் கிளம்புகிறான், அதற்குள் அவனைத் தேடும் கறுப்புக் குதிரைக்காரர்கள் ஊருக்குள்ளேயே வந்துவிட்டார்கள். கடிதம் அவன் கைக்குக் கிடைக்கும்போது எழுதி மூன்று மாதம் ஆகிவிட்டது. இதில் வேடிக்கை, நீங்கள் ஒட்டியிருக்கும் பாட்டுக்கு அடுத்த பின்குறிப்பே பட்டர்பரைப் பற்றியதுதான்: நல்ல மனுஷன், ஆனால் அவன் ஞாபகம் தட்டுமுட்டுச் சாமான் அடைத்த அறை மாதிரி, வேண்டியது எப்போதும் அடியிலேதான் கிடக்கும், மறந்தானோ அவனை வறுத்தெடுத்துவிடுவேன் என்று காண்டால்ஃப் எழுதுகிறார். அந்தப் பாட்டு யாரைப் பற்றியதோ அந்த நாடோடி வீரன் அரகார்ன் என்று உங்களை நினைத்துக்கொண்டு திரிகிறீர்கள், தம்பி. எனக்கு பட்டர்பர்தான் தெரிகிறார். அவராவது மறந்துதான் போனார்.

அரகார்ன் அலைந்தது உண்மை. 87 வயது வரை அலைந்தான். தன்னைச் சந்தேகமாகப் பார்க்கிற ஜனங்களின் எல்லையைக் காவல் காத்துக்கொண்டு அலைந்தான். அவனுக்கும் ஒரு அம்மா இருந்தாள், கில்ரைன். மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பு வரை பொறுமையாகப் படித்தவர்களுக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் தன் ஜனங்களிடம் திரும்பிப்போய்த் தனியாக இருந்தாள், மகனைப் பார்ப்பதே அபூர்வம். ஒருமுறை வந்தவனிடம், மனிதர்களுக்கு நம்பிக்கையைக் கொடுத்தேன், எனக்கென்று மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை என்றாள். (எஸ்டெல், அதாவது நம்பிக்கை, என்பதுதான் அவனுக்குச் சின்ன வயதில் வைத்த பெயர்.) அடுத்த வசந்தத்துக்குள் போய்ச் சேர்ந்தாள். 12 வயதில் அம்மாவைப் பறிகொடுத்த டோல்கீன் எழுதிய பக்கம் அது. ஊரையே காத்த மகனைப் பெற்றவளின் தனிமையைக்கூட அவர் மறைக்கவில்லை. நீங்கள் எந்த ஊரைக் காக்கிறீர்கள்?

அப்புறம், அந்தப் பாட்டின் இரண்டாவது வரியை மட்டும் கத்தரித்து ஒட்டியிருக்கிறீர்கள். நாலாவது வரி ஆழப் போன வேரைப் பனி தொடாது என்கிறது. அது ஸ்டிக்கராக விற்பதில்லை போல.

வீட்டுக்குப் புரியவைப்பது எப்படி என்று கேட்டீர்கள். பெற்றவள் பேசுவதைக் கேட்காதவனுக்குத் தன்னைப் புரியவைக்கிற உரிமை கிடையாது, என் கட்சி அதுதான், பழைய பஞ்சாங்கம் என்றால் இருந்துவிட்டுப் போகிறேன். கல்யாணத்துக்குத் தலையாட்டச் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அவர் காதில் விழும்படி சொல்லுங்கள், அவரும் அழுது, கோபித்து, நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டுப் பேசுவார்.

இன்றைக்கு ராத்திரி எங்கே தங்குகிறீர்களோ அங்கே உட்கார்ந்து அந்த நாற்பதையும் கேளுங்கள். பழையதிலிருந்து, வரிசையாக. வேகத்தைக் கூட்டி ஓடவிடக் கூடாது.